காலையில் முதல் சிகரெட் எப்போது?

எல்லோருக்கும் வணக்கம்.

புகையை விட வேண்டும் என்று நினைத்து வந்தவர்களும், வீட்டில் ஒருவரை எப்படியாவது விடவைக்க வேண்டும் என்று வந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். புகைப்பவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

நானும் 18 வருடம் புகைத்தவன். பல் துலக்குவதற்கு முன்பே ஒன்று வேண்டும் எனக்கு. மூன்றாவது முறை விட முயன்றபோது, சிகரெட் ஆசையைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். சாதாரண சூயிங்கம் மாதிரியே வேகமாக மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, வயிற்றைப் புரட்டியது. இது எனக்கு ஒத்துவராது என்று மூன்றாம் நாள் தூக்கிப் போட்டுவிட்டேன். அன்று மாலையே மறுபடி பற்றவைத்தேன். அதை மெல்வதற்கு ஒரு முறை இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த ஒரு விஷயம் தெரியாததால் இன்னும் நான்கு வருடம் புகைத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. புகையை விட உதவும் மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று இன்று பேச வந்ததே அதற்காகத்தான்.

விட முடியாதவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்வதை முதலில் நிறுத்துவோம். புகையை உள்ளே இழுத்தால் 10 முதல் 20 வினாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே இன்ப உணர்வைத் தரும் டோப்பமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு, நாளைக்கு 20 சிகரெட் என்றால் 200 முறை. வருடத்துக்கு 70,000 முறைக்கும் மேல். இத்தனை முறை பழகிய மூளையிடம் ஒரு காலையில் திடீரென்று 'இனிமேல் கிடையாது' என்றால் அது சும்மா இருக்குமா? எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் பதியாமை எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பகுதி தணிந்துவிடும். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் 100-க்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் தாக்குப்பிடிக்கிறார்கள்.

"நிகோடினை விடுவதற்கு நிகோடினையே எடுத்துக்கொள்வதா? அது விஷம் ஆயிற்றே?" என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1976-இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: மக்கள் புகைப்பது நிகோடினுக்காக, சாவது தாரினால். புற்றுநோய்க்கும் நுரையீரல் நாசத்துக்கும் முக்கியக் காரணம் எரியும் இலையிலிருந்து வரும் தாரும் நச்சு வாயுக்களும். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்சிலும் சூயிங்கத்திலும் புகை இல்லை. நிகோடினும் மெதுவாகவே ரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் அவற்றுக்கு அடிமையாவது அரிது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின்தான் தொடங்க வேண்டும்.

சரி, இப்போது அந்தக் காலைக் கேள்விக்கு வருவோம். எழுந்த 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவர் என்றால் உங்கள் மீது நிகோடினின் பிடி பலமானது. உங்களுக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம். அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். பேட்ச் என்றால், நாளைக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்கள் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்குவார்கள். ஆறு வாரம் கழித்து 14, அப்புறம் 7.

நான் பார்த்தவரை பெரும்பாலானோர் சறுக்குவது இந்த அளவு விஷயத்தில்தான். 'குறைவாக எடுத்தால் நல்லதுதானே' என்று நாளைக்கு இரண்டு கம் மெல்வார்கள். இருபது சிகரெட்டின் இடத்தை இரண்டு கம் எப்படி நிரப்பும்? முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. இரண்டு வாரத்தில் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துவதும் அதே தவறுதான். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை எடுக்க வேண்டும்.

இனி மெல்லும் முறை. இதைக் கவனமாகக் கேளுங்கள். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். நாக்கில் மிளகு பட்டது போலச் சுருக்கென்று இருக்கும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும், விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். காபி, பழச்சாறு, சோடா போன்ற புளிப்புத் தன்மையுள்ள பானங்கள் வாயில் நிகோடின் சேர்வதைத் தடுக்கும். மெல்வதற்கு முந்தைய கால் மணி நேரமும், வாயில் இருக்கும்போதும் அவை வேண்டாம்.

பேட்ச் இதைவிட எளிது. காலையில் ரோமம் இல்லாத, உலர்ந்த தோலில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். தோல் சிவக்காமல் இருக்க தினமும் இடத்தை மாற்றுங்கள். கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால் இரவில் கழற்றிவிடுங்கள். ஆனால் பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராகத்தான் நிகோடினைத் தரும். சாப்பிட்டவுடன், சண்டை போட்டவுடன் குபீரென்று எழும் ஆசைக்கு அது போதாது. எனவே பேட்சோடு கம்மையோ, வாயில் கரையும் மாத்திரையையோ சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிட நல்ல பலன் என்பது ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமான விஷயம். 'ஒன்றே போதும்' என்று சிக்கனம் பார்க்காதீர்கள்.

நிகோடின் இல்லாத மாத்திரைகளும் உண்டு. வெரனிக்லின், நிகோடின் போய் உட்காரும் இடத்தில் தானே உட்கார்ந்து ஆசையை ஓரளவு தணிக்கும். சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். குமட்டல் வரலாம், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். புப்ரோபியான் மனச்சோர்வுக்குத் தரும் மருந்து, இதற்கும் உதவும். வலிப்பு வந்தவர்களுக்கு அது கூடாது. வெரனிக்லின் மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் ரொம்ப காலம் இருந்தது. 2016-இல் 8,144 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க அதிகரிப்பு தெரியவில்லை. அதே ஆய்வில் 9 முதல் 24-ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள், 100-க்கு வெரனிக்லினில் சுமார் 22 பேர், புப்ரோபியானிலும் பேட்சிலும் 16 பேர், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 9 பேர். இருமடங்குக்கும் மேல் என்றாலும், மீதி 78 பேரால் அப்படித் தொடர்ந்து விட்டிருக்க முடியவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஒருமுறை பலிக்காவிட்டால் மருந்தை மாற்றியோ சேர்த்தோ இன்னொரு முறை முயல வேண்டும். எனக்கு நான்காவது முறைதான் பலித்தது.

பல்கேரியாவில் 1960-களிலிருந்தே பயன்பாட்டில் உள்ள சைட்டிசின் ஒரு தாவர மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வெரனிக்லின், புப்ரோபியான், நிகோடின் மாற்று (பேட்ச், கம் போன்றவை) ஆகியவற்றோடு அதையும் பரிந்துரைத்திருக்கிறது. ஹிப்னாடிசத்துக்கும் அக்குபங்சருக்கும் நம்பகமான சான்று போதவில்லை. ஈ-சிகரெட் சிலருக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் சொன்னாலும், சில நாடுகளில் அதற்குத் தடையே உண்டு. மேலே சொன்ன வழிகள் இருக்கும்போது அதில் தொடங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

எந்த மருந்தானாலும் பேச ஓர் ஆள் வேண்டும். ஆலோசகர், மருத்துவர், தொலைபேசி உதவி எண், யாராவது ஒருவர். மருந்தும் ஆலோசனையும் சேரும்போதுதான் முழுப் பலன்.

மருத்துவரிடம் போகும்போது இன்னொன்று சொல்லுங்கள். புகை கல்லீரலைத் தூண்டி, காபியின் கஃபீனையும் சில மருந்துகளையும் சீக்கிரம் கரைக்கவைக்கிறது. புகை நின்றதும் அதே அளவு காபி படபடப்பைத் தரலாம். மனநோய்க்கான க்ளோசபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவை எடுப்பவர்களுக்கு அளவையே குறைக்க வேண்டி வரலாம். அதனால் விடப்போகும் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கடைசியாக, பேட்ச் ஒட்டியிருக்கும்போது ஒரு சிகரெட் பிடித்துவிட்டால்? கோபத்தில் பேட்சைப் பிய்த்து எறியாதீர்கள். எல்லாம் போச்சு என்று பாக்கெட்டை வாங்கவும் வேண்டாம். பேட்ச் அப்படியே இருக்கட்டும், கையில் கம் எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலை புதிய பேட்ச் ஒட்டுங்கள். எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது நடந்தது என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.

உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். வீட்டில் இருப்பவருக்காகக் கேட்பவர்கள் முதலில் கேட்கலாம்.