மூணாவது பட்டனைப் பார்!

காலேஜ் ராகிங்கில் "இன்ட்ரோ குடு" என்று சீனியர் சொன்னால் ஜூனியர் நிமிரக் கூடாது. சட்டையின் மூணாவது பட்டனையே பார்த்துக்கொண்டு பேர், ஊர், அப்பா என்ன வேலை, கட் ஆஃப் எவ்வளவு என்று வரிசையாக ஒப்பிக்க வேண்டும். விளையாட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் கேள்விகளைக் கவனியுங்கள்: ஊரும் அப்பா வேலையும் கட் ஆஃபும் தெரிந்தாலே இவன் என்ன சாதி, வீட்டில் தட்டிக்கேட்க ஆள் உண்டா என்று பாதிக் கணக்குப் போட்டுவிடலாம், யார்மேல் கை வைத்தால் பிரச்சினை வராது என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

[திரையில்: சிதம்பரம், 1996]

கேட்க ஆள் இருந்தாலும் சில சமயம் தப்ப முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவம் படித்த நாவரசுவின் அப்பா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். நாவரசுவை ஒரு சீனியர் கொன்றார். அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, இரண்டு ஆண்டு வரை சிறை. பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் ராகிங்கில் உயிரிழந்த பிறகு, 1998-ல் இலங்கையிலும் ஒரு சட்டம்.

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? இன்று மிரட்டுகிறவன் போன வருஷம் பட்டனைப் பார்த்து நின்றவன். "நாங்க வாங்கலையா?" என்பான், அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே நம்புவான். கொடுத்தால்தான் வாங்கியது நேராகும் என்று நினைக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் கதை இன்னும் மோசம், அங்கே வெளியில் இருக்கும் சாதி அப்படியே வகுப்புக்குள் வந்து உட்காருகிறது. 2023-ல் நாங்குநேரியில் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த தலித் மாணவன், ஆசிரியர் கேட்டதும் நடந்ததைச் சொன்னான். சக மாணவர்கள் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அப்புறம் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் அறிக்கை. "வாத்தியார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்று சுலபமாகக் கேட்கிறோமே, சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஆபீஸ் என்றால் அடி கிடையாது, மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவது, வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குரூப் ஆரம்பிப்பது. வேலையை விடுபவர் அநேகமாகப் பாதிக்கப்பட்டவர்தான். மிரட்டியவருக்குப் பெரும்பாலும் "கறாரான ஆள்" என்று நல்ல பேர்.

இந்த மூன்று இடத்திலும் சுற்றி நின்று சிரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஃபின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி அந்தக் கூட்டத்தைத்தான் ஆராய்ந்தார். மிரட்டலைத் தடுக்க அங்கே பள்ளிகளில் நடக்கும் 'கிவா' திட்டத்தில், வகுப்பில் செல்வாக்குள்ள சில பிள்ளைகளையே பார்த்து, ஒதுக்கப்பட்டவனோடு சேர்ந்து இருக்கச் சொல்கிறார்கள். நம் காலேஜ்களில் அட்மிஷனின்போது "ராகிங் செய்ய மாட்டேன்" என்று உறுதிமொழி வாங்குகிறோம், பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் எதுவும் கேட்பதே இல்லை.