இடது கையில் பிறந்த அக்கார்டியன்

வணக்கம். அக்கார்டியன் வாசிப்பவரைப் பார்க்கும்போது நம் கண் பெரும்பாலும் வலது கைப்பக்கம் உள்ள கட்டைகளின் மேல்தான் போய் நிற்கும். மெட்டு அங்கேதான் நடக்கிறது. இடது கையோ துருத்தியை இழுத்துத் தள்ளும் எடுபிடி போலத் தெரியும். ஆனால் இந்த வாத்தியத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது பிறந்ததே இடது கைக்காகத்தான் என்றும், வலது கை பிற்பாடு வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது என்றும் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கேமராவுக்கு அருகில் நான் பிடித்திருப்பது ஒரு பழைய அக்கார்டியனிலிருந்து கழற்றிய ரீடுத் தகடு. தகட்டில் நீளவாக்கில் இரண்டு துளைகள் இருக்கின்றன. ஒரு துளைக்கு முன்பக்கமும் மற்றதற்குப் பின்பக்கமுமாக, ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய எஃகு நாக்குகள் உள்ளன. இவைதான் ரீடுகள். நாக்கு தன் துளையைவிட மயிரிழை அளவு குறுகலானது என்பதால், காற்று தள்ளும்போது அது துளைக்குள் புகுந்து மீண்டு, எதன் மீதும் மோதாமல் அதிர்கிறது. காற்று ஒரு திசையில் வரும்போது மட்டுமே ஒரு நாக்கு ஒலிக்கும். இழுப்புக்கு ஒன்று, தள்ளலுக்கு ஒன்று என இரண்டு வைத்திருப்பதன் காரணம் அதுதான். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். இந்தத் தகடு என் மேசைக்கு வந்து சேர்ந்ததும் நான் ஆர்வக்கோளாறில் அளவுக்கு மீறிச் சுரண்டியதால்தான்.

இதே தத்துவத்தில் இயங்கும் ஷெங் என்ற ஊது வாத்தியம் சீனாவில் மிகப் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய ரீடுகளின் மேல் ஆர்வம் பெருகியது. அடுத்த நூற்றாண்டில் மவுத் ஆர்கனும் ஹார்மோனியமும் இதே வயிற்றில் பிறந்தன.

இனி வியன்னாவுக்கு வருவோம். ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த சிரில் தெமியன் அங்கே ஆர்கனும் பியானோவும் செய்து வந்தவர். 1829-ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் இரு மகன்களுடன் சேர்ந்து அவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பயணிகள் எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பெட்டி, அதனோடு ஒரு துருத்தி, ஐந்தே ஐந்து கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒற்றைச் சுரம் வராது. ஒன்றோடொன்று இயைந்த பல சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டு முழுவதும் ஒலிக்கும். அதே கட்டை துருத்தியை இழுக்கும்போது ஒரு கார்டையும் தள்ளும்போது வேறொரு கார்டையும் தரும் என்பதால், ஐந்து கட்டைகளுக்குள் பத்து கார்டுகள் அடங்கிவிட்டன. ஜெர்மன் மொழியில் கார்டுக்கு 'அக்கோர்ட்' என்று பெயர். அக்கார்டியன் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

கட்டைகள் இடது கையில் இருந்தன. வலது கை துருத்தியை மட்டும் இயக்கியது. அதாவது இன்று நாம் காண்பதற்கு நேர்மாறு! பாடுபவருக்குப் பின்னணி கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி அது.

வலது கைக்கு மெட்டு வாசிக்கும் பட்டன்கள் அதற்குப் பிறகுதான் சேர்ந்தன. பியானோ போன்ற கட்டைகள் அதற்கும் பின்னால் வந்தன. இத்தாலியின் காஸ்தெல்பிதார்தோவில் பாவோலோ சொப்ரானி 1863-இல் அக்கார்டியன்களைச் செய்யத் தொடங்கியதற்கு ஒரு கதை சொல்வார்கள்: லொரேத்தோ மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஆஸ்திரிய யாத்ரீகர் ஒருவர், தங்க இடம் கொடுத்த சொப்ரானி குடும்பத்திடம் ஓர் அக்கார்டியனை விட்டுச் சென்றாராம். கதை எப்படியோ, அந்த ஊர் இன்றும் அக்கார்டியன் தொழிலுக்குப் பேர்போனது.

என் விஷயத்துக்கு முக்கியமான இத்தாலிய ஊர் இன்னொன்று: ஸ்ட்ராடெல்லா. மரியானோ தல்லாபே 1876-இல் அக்கார்டியன் பட்டறை தொடங்கிய அந்த ஊரின் பெயரைத்தான் இடது கைப் பட்டன் அமைப்புக்கு இன்றும் வைத்திருக்கிறார்கள். முழு அளவு வாத்தியத்தில் வலப்பக்கம் 41 கட்டைகள். இடப்பக்கம் வரிசைக்கு 20 வீதம் ஆறு வரிசைகளில் 120 பட்டன்கள். முதல் இரண்டு வரிசைகள் ஒற்றை பேஸ் சுரங்கள், அதாவது தாழ்ந்த ஒலியுள்ள சுரங்கள். மற்ற நான்கும் மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்டு என நான்கு வகைக் கார்டுகள். வாசிப்பவரால் இந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது என்பதால் சி சுரத்தின் பட்டனில் ஒரு சிறு குழி இருக்கும். விரல் அதைத் தடவிக் கண்டுகொண்டு, அங்கிருந்து மற்றவற்றுக்கு வழி பிடிக்கும். அடுத்தடுத்த பட்டன்கள் ஐந்தாம் சுர இடைவெளியில் (நம் ச-விலிருந்து ப வரையிலான தூரம்) அமைந்திருப்பதால், பாட்டுக்கு அதிகம் தேவைப்படும் மூன்று மேஜர் கார்டுகள் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. இதை வகுத்த மூளையை நான் எத்தனை மெச்சினாலும் தகும்.

ஆனால் கார்டு பட்டன்களுக்கு ஒரு விலை உண்டு. உள்ளே இருக்கும் கம்பிகள் மூன்று சுரங்களையும் ஒன்றாகவே திறந்துவிடுவதால், இடது கையால் தனி மெட்டை விரிவாக வாசிக்க முடியாது. 20-ஆம் நூற்றாண்டில் அக்கார்டியன் கச்சேரி மேடை ஏறியபோது இந்தக் குறை பெரிதாக உறுத்தியது. அதற்காக வந்ததுதான் ஃப்ரீ பேஸ்: ஒரு மாற்றுக் கட்டையைத் தட்டினால் கார்டு பட்டன்கள் ஒற்றைச் சுரங்களாக மாறிவிடும், இரு கைகளும் சமமாக மெட்டுப் பேசலாம். ரஷ்யாவின் பட்டன் அக்கார்டியனான பயானை வாசிக்கும் கலைஞர்கள் இதைக் கொண்டு முழு ஆர்கன் இசையையே வாசித்துக் காட்டுகிறார்கள்.

என் வாத்தியத்தில் அந்த மாற்றுக் கட்டை கிடையாது. இதோ, குழியுள்ள பட்டனைத் தொட்டு, அதன் பக்கத்தில் இருக்கும் மேஜர் பட்டனை மட்டும் அழுத்துகிறேன், வலது கையைக் கட்டைகளின் மேலிருந்து எடுத்துவிட்டேன். கேட்கிறதா? தெமியனின் பெட்டியைப் போலவே, ஒரு விரலுக்கு மூன்று சுரங்கள்.