பதினைந்து பேரில் ஒருவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவை நகரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே அம்மனுக்குக் கோவில்கள் உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வந்த அந்நோய் மக்களை எவ்வளவு உலுக்கியிருந்தால், அதன் பெயர் தெய்வத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்! பிளேக் பெரும்பாலும் எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவியது; ஆகவே எலிகள் செத்து விழுந்த வீட்டை விட்டு வெளியேறுவதில் ஒரு பயன் இருந்தது. இன்று நான் பேச வந்திருக்கும் தட்டம்மைக்கு, அதாவது நம் பெரியவர்கள் மணல்வாரி என்று சொல்லும் நோய்க்கு, அந்த வழி உதவாது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அக்கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கக்கூடும். உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே தொற்றத் தொடங்கிவிடுவதால், வாசலில் வேப்பிலை செருகும்போது காரியம் பாதி கைமீறிப் போயிருக்கும்.

எதிர்ப்பாற்றல் எவருக்குமே இல்லாத ஓர் ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் தொற்றும் என்பதை அடிப்படைப் பெருக்க எண் என்கிறோம். தட்டம்மைக்கு இது 12 முதல் 18 வரை என்று கணக்கிடப்படுகிறது. இது கிருமியை மட்டும் பொறுத்த எண் அன்று. நாம் வாழும் முறையையும் பொறுத்தது. தோட்டத்துச் சாளையில் தனித்திருக்கும் குடும்பத்துக் குழந்தைக்கும், திருப்பூரில் ஒரே வாசலைப் பார்த்தபடி பத்துக் குடும்பங்கள் இருக்கும் லைன் வீட்டுக் குழந்தைக்கும் ஒரு நாளில் நெருங்கிப் பழகக் கிடைக்கும் ஆட்களின் எண்ணிக்கை ஒன்றாகாது.

அந்த எண்ணை 15 என்று வைத்துக்கொள்வோம். தொற்றக்கூடிய 15 பேரில் 14 பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மட்டுமே நோய் போகும். எதிர்ப்பாற்றல் உள்ளவர்கள் அதற்கு மேலும் கூடினால் சங்கிலி தானாகவே அறுந்துவிடும். பதினைந்தில் பதினான்கு என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 93. ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை ஊசி நூறு குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஒரு தவணையைத் தவறாமல் போட்டுவிட்டாலும்கூட நாம் 93-ஐ எட்ட மாட்டோம். பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இரண்டாவது தவணை போடச் சொல்வது இந்தக் கணக்கினால்தான். செவிலியர் ஏதோ வழக்கத்துக்காகச் சொல்லும் பேச்சு அன்று.

இதில் எனக்குக் கவலை தருவது சராசரி என்ற சொல். ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு ஊசி போட்டாயிற்று என்று கேட்டால் மனம் நிறைகிறது. விடுபட்ட ஐந்து பேரும் ஊரெங்கும் சிதறியிருந்தால் நோய்க்கு அடுத்த ஆள் கிடைப்பது அரிது. அவர்களோ, வேலை தேடி அண்மையில் வந்து பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் அருகே குடியேறியவர்களின் பிள்ளைகளாக ஒரே தெருவில் சேர்ந்திருக்கலாம். அப்போது அந்தத் தெருவின் கணக்கே வேறு, மாவட்டத்தின் சராசரி அங்கே செல்லாது. இடையில் ஊர் மாறியதால் இரண்டாம் தவணை தப்பிப்போன குழந்தைக்கு ஐந்து வயது வரை அதைப் போடலாம். முன்பிருந்த ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை, இப்போது குடியிருக்கும் இடத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுவார்கள்.