ஆறாவதாகப் போனவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்துப் பயிற்சியாளர் என்றதும், கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிற ஆள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். நான் இன்று பேசப்போவது அதிகம் கத்தாத ஒருவரைப் பற்றி. 2016 முதல் 2024 வரை இங்கிலாந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த கேரத் சவுத்கேட்.

அவர் கதையை 1996 ஜூன் 26-இல் தொடங்கவேண்டும். லண்டன் வெம்பிளி மைதானம், யூரோ கோப்பை அரையிறுதி, எதிரே ஜெர்மனி. ஆட்டம் 1-1 என்று சமன். இனி பெனால்டிதான், அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, இரு அணியும் மாறி மாறி ஒவ்வொருவராக அடிப்பது. இரு பக்கமும் முதல் ஐந்து பேர் தவறாமல் கோல் போட்டுவிட்டார்கள். ஆறாவதாக யார் போவது? சவுத்கேட் தானே முன்வந்தார். அவர் தடுப்பாட்டக்காரர். அதற்குமுன் போட்டிகளில் ஒரே ஒரு பெனால்டிதான் அடித்திருந்தார், அதுவும் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தைரியத்துக்குக் குறைவில்லை, தயாரிப்புதான் இல்லை. அவர் அடித்த பந்தை ஜெர்மன் கோல்கீப்பர் கோப்கே தடுத்தார். அடுத்து ஜெர்மனியின் மோல்லர் கோல் அடித்தார், கதை முடிந்தது. கொஞ்ச நாளில் ஒரு பீட்சா விளம்பரத்தில் தலையில் காகிதப்பையைக் கவிழ்த்துக்கொண்டு நடித்தார் சவுத்கேட். ஊரே சிரித்தது.

இங்கிலாந்து 1990, 1996, 1998, 2004, 2006, 2012 என்று ஆறு பெரிய போட்டிகளில் பெனால்டியில் தோற்று வெளியேறியது. ஒவ்வொரு முறையும் சொன்ன சமாதானம், 'பெனால்டி என்பது லாட்டரி.' தேர்வில் தோற்ற பையன் 'என் நேரம் சார்' என்று சொல்வது மாதிரிதான். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு. லாட்டரிக்கு யாராவது பயிற்சி எடுப்பார்களா?

நார்வேயைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுப் பெனால்டி வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார். நடுவர் விசில் ஊதியதும் அவசர அவசரமாக ஓடிப்போய் அடிப்பவர்களில் இங்கிலாந்து வீரர்கள் முன்னணியில் இருந்தார்கள். அடிக்கும் ஆசையில் வந்த வேகமில்லை அது. எப்படியாவது முடிந்து தொலைந்தால் போதும் என்கிற வேகம்.

சவுத்கேட் கைவைத்தது இங்கேதான். 2018 உலகக் கோப்பைக்கு மாதக்கணக்கில் முன்பே பெனால்டிப் பயிற்சி தொடங்கிவிட்டது. நடுக்கோட்டிலிருந்து பெனால்டிப் புள்ளிக்கு நாற்பது மீட்டருக்குமேல் தனியாக நடக்கவேண்டும். தோளில் கைபோட்டு நின்ற தோழர்கள் பின்னால் தங்கிவிடுவார்கள். முன்னால் கோல்கீப்பர் மட்டும். அந்த நடையையும் சேர்த்தே பழகினார்கள், கால் களைத்த நேரத்திலும் பழகினார்கள். விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டு அடிக்கலாம், யாரும் துரத்தவில்லை என்று அவர்களுக்குப் பழக்கமானது. யார் அடிப்பது என்பதைக் கடைசி நிமிடக் கைதூக்கலுக்கு விடவில்லை, பயிற்சியாளரே முடிவு செய்தார். இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். முடிவு அவருடையது என்றால், தோற்றால் பழியிலும் பாதியாவது அவருடையதுதானே!

ஜூலை 3, மாஸ்கோ. கொலம்பியாவோடு 1-1. மூன்றாவதாகப் போன ஹென்டர்சனின் பந்து தடுக்கப்பட்டது. பழைய இங்கிலாந்தாக இருந்தால் அங்கேயே உடைந்திருக்கும். ஆனால் கொலம்பியாவின் உரிபே குறுக்குக் கம்பத்தில் அடித்தார், அதே அணியின் பாக்காவின் பந்தை இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்டு தட்டிவிட்டார், இங்கிலாந்தின் எரிக் டையர் கோல் போட்டு முடித்துவைத்தார். உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டியில் வென்றது அதுதான் முதல் தடவை. எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது சவுத்கேட் போய் யாரைக் கட்டிக்கொண்டார் தெரியுமா? தவறவிட்ட உரிபேயை.

சரி, இதோடு நிறுத்தினால் புகழ்பாடியதாக ஆகிவிடும். 2021 ஜூலை 11, மறுபடியும் வெம்பிளி, யூரோ இறுதி, எதிரே இத்தாலி. பெனால்டிக்காகவே ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இறக்கினார் சவுத்கேட். உடம்பு சூடாகும் முன்பே அவர்களைப் புள்ளிக்கு அனுப்பியது, என் பார்வையில், பெரிய தவறு. கடைசி அடியைப் பத்தொன்பது வயது புக்காயோ சாக்காவிடம் கொடுத்ததும் கேள்விக்குரியதே. மூன்று பேருமே தவறவிட்டார்கள். அன்றிரவே மூவர்மீதும் இணையத்தில் நிறவெறி வசைகள் குவிந்தன. சவுத்கேட் வந்து, அடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது நான், பொறுப்பும் என்னுடையது என்றார். கணக்கு தப்பியது தப்பியதுதான், அந்த வார்த்தை அதை அழிக்காது. ஆனால் அழுதுகொண்டிருந்த சாக்காவை மைதானத்திலேயே அணைத்துக்கொண்டு நின்ற மனிதர், இருபத்தைந்து வருடம் முன்பு அதே ஊரில் அதே இடத்தில் நின்றவர். தோற்றவனிடம் என்ன சொல்லவேண்டும் என்பதைவிட, எதைச் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

2024 ஜூலை 6, டுசெல்டார்ஃப். யூரோ காலிறுதி, சுவிட்சர்லாந்து. தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு எண்பதாவது நிமிடத்தில் சமன் கோல் போட்டவர் சாக்கா. மறுபடியும் பெனால்டி. மூன்றாவதாக அவரையே அனுப்பினார் சவுத்கேட். கோல். இங்கிலாந்து அடித்த ஐந்தும் உள்ளே போயின, 5-3. இறுதியில் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்று, இரண்டே நாளில் சவுத்கேட் பதவி விலகினார். கோப்பை எதுவும் அவர் கைக்கு வரவில்லை. கடைசிவரை பயந்து பயந்து ஆடவைத்தார் என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு.

எனக்கு மட்டும் டுசெல்டார்ஃபில் சாக்கா தனியாக நடந்துபோன அந்த நாற்பது மீட்டர்தான் கண்ணில் நிற்கிறது.

நன்றி, வணக்கம்.