கொட்டைக்கு என்ன வேலை?

அவையோருக்கு வணக்கம். தின்றுவிட்டு எறிகிற பழக்கொட்டை மருந்துக்கு உதவுமா என்பதுதான் இன்றைய பேச்சு. மருந்துக் களிம்புக் குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்திருக்கிறீர்களா? பல களிம்புகளில் மருந்து நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். மிச்சமெல்லாம் அந்த மருந்தைச் சுமந்து தோலில் உட்கார வைக்கிற சுமைகூலி. நாம் எறிகிற பழக்கொட்டைக்கு வேலை கிடைக்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான். நோயைத் தீர்க்கும் அற்புதக் கொட்டை என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

மாங்கொட்டையின் ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு. காய்ந்த பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 முதல் 12 பங்கு கொழுப்பு. அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும், தோலில் தேய்த்தால் இளகும். களிம்புகளில் கோகோ வெண்ணெய்க்கு மாற்றாக இதைச் சேர்ப்பது அந்தக் குணத்துக்காகத்தான். திராட்சை விதை எண்ணெயோ நேர் எதிர். அதில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். தோலின் ஈரம் வெளியேறாமல் காக்க அது உதவும். ஆனால் காற்றுப் பட்டால் எண்ணெயைச் சீக்கிரம் காறவைப்பதும் அதே அமிலம்தான். புளியங்கொட்டையில் எண்ணெயை யாரும் தேடுவதில்லை. அதன் வழவழப்பான பசையைப் பிரித்தெடுத்து, கண் வறட்சிக்கான சொட்டு மருந்தில் சேர்க்கிறார்கள்.

கண் என்றதும் சீத்தாப்பழ விதையைச் சொல்லாமல் விட முடியாது. பேன் ஒழிய அதை அரைத்துத் தலையில் பூசி, அது வழிந்து, கருவிழி புண்ணாகி வந்தவர்களைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பேனைக் கொல்வது கண்ணை மட்டும் விட்டுவிடுமா? ஆப்ரிகாட் பழக்கொட்டையின் பருப்பிலும் ஆபத்து உண்டு; அதிலிருப்பது அமிக்டலின் என்ற வேதிப்பொருள். ஈரத்தோடு நசுக்கினால் அது சயனைடை வெளிவிடும். எண்ணெய் பிழியும்போது அமிக்டலினில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. ஆக, எந்தக் கொட்டை என்பதோடு எப்படி எடுத்தோம் என்பதையும் கேட்க வேண்டும்.

எப்போது எடுத்தோம் என்பது இன்னும் முக்கியம். எறிந்த கொட்டையில் சதை ஒட்டியிருக்கும், ஈரம் இருக்கும், பூஞ்சை வரும். பருப்பிலுள்ள நொதிகள் கொழுப்பை உடைத்து, தோலை எரிக்கும் தனி அமிலங்களாக்கும். குப்பையில் இரண்டு நாள் கிடந்ததைக் கழுவிப் பிழிந்து என்ன பயன்? சாறு பிழியும் ஆலையில், கொட்டை விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே உலர்த்தும் இயந்திரம் நிற்க வேண்டும்.