இந்த வெண்கல முகத்தைச் செய்தது வேற்றுக்கிரகவாசிகளா? சான்சிங்துய் சொல்லும் சீனாவின் கதை

[திரையில்: கண்கள் துருத்திய வெண்கல முகமூடி]

இந்த முகத்தைப் பாருங்கள். அகலம் 138 சென்டிமீட்டர். கண்மணிகள் மட்டும் 16 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இது ஏலியன் வேலை என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். இது கிடைத்த சான்சிங்துய், தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள தொல்லியல் களம். இதைச் செய்தவர்கள் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மனிதர்கள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பிடுங்குவானேன்?

சரி, பின்னணி. அதே காலத்தில் வடக்கே மஞ்சள் ஆற்றுப் பக்கம் ஷாங் அரசு இருந்தது. அதன் தலைநகரான ஆன்யாங்கில் 1928-இல் அகழாய்வு தொடங்கியது. நாகரிகம் அங்கே பிறந்துதான் மற்ற இடங்களுக்குப் பரவியது என்று பலரும் நம்பினார்கள். 1986-இல் சான்சிங்துயில் இரண்டு குழிகள் கிடைத்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஷாங் கைவினைஞர்கள் படையல் கலங்களில் திறமையைக் கொட்டினார்கள் என்றால், இவர்கள் அதை ஆளுயரத்தையும் தாண்டிய மனித உருவத்திலும், கிட்டத்தட்ட 4 மீட்டர் உயர வெண்கல மரத்திலும் கொட்டியிருக்கிறார்கள்.

அப்போ இவர்கள் யாரோடும் ஒட்டாதவர்களா? இல்லவே இல்லை!

[திரையில்: மண்டியிட்ட உருவம்]

சான்சிங்துயில் பின்னாளில் கண்டுபிடித்த மூன்றாவது குழியில் கிடைத்தது இது. மண்டியிட்ட ஒரு மனிதர், தலைமேல் 'சுன்' என்னும் மதுக் கலம். அந்தக் கலத்தின் வடிவம் ஷாங் உலகத்துக்கும் யாங்சி ஆற்றுப் பகுதிக்கும் நன்கு பழக்கமானது. களிமண் அச்சுத் துண்டுகளைப் பொருத்தி வார்க்கும் தொழில்நுட்பமும் பொதுவானதுதான். ஆனால் அதை மனிதர் தலையில் ஏற்றி நிறுத்தியது சிச்சுவான்காரர்களின் சொந்தக் கற்பனை. பொது மரபும் வட்டாரத் தனித்தன்மையும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இரண்டும் ஒரே சிலையில் இருக்கின்றன. 'எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தது' என்பவர்களும், 'இது சீனாவே இல்லை' என்பவர்களும் இந்தச் சிலையைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சான்சிங்துய்க்குப் பின் செழித்த ஜின்ஷா என்ற பழங்கால ஊர், சிச்சுவானின் இன்றைய தலைநகர் செங்டுவுக்குள் 2001-இல் வெளிப்பட்டது. அங்கே பத்து அடுக்காகச் செதுக்கிய ஒரு பச்சைக்கல் குழல் கிடைத்தது. அதன் பாணி லியாங்சு என்னும் பழைய பண்பாட்டுடையது. அந்தப் பண்பாடு இருந்தது 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால், கிழக்கே ஹாங்சோ பக்கம். ஜின்ஷாவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அது முடிந்தும் போனது. எத்தனை தலைமுறை இதைப் பத்திரப்படுத்திக் கைமாற்றியிருக்கும்! யாங்சி ஆற்று வழியாகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். உங்கள் ஊகம் என்ன? கமென்ட்டில் எழுதுங்கள்.