புள்ளி தெரிகிறதா? தரம் 1, 2 வகுப்பறையை அடுக்கும் முறை

[காட்சி: கரும்பலகையில் 'மரம்' என்ற சொல். கமரா மெல்லப் பின்னால் போகிறது.]

'மரம்'. முன் வரிசையில் இருந்து பார்த்தால் கடைசி எழுத்தின் தலையில் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. கடைசி வரிசைக்குப் போய், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். புள்ளியைக் காணோம். அங்கே இருக்கிற பிள்ளை கொப்பியில் 'மரம' என்று எழுதினால் சிவப்புப் பேனையை யாருக்குப் போடுவது?

தமிழில் க-வுக்கும் க்-க்கும், கி-க்கும் கீ-க்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் இடையில் இருப்பது ஒரு புள்ளி, ஒரு சுழி அவ்வளவுதான். மூன்று சுழி 'ண' தூரத்தில் இரண்டு சுழி 'ன' ஆகிவிடும். ஆகவே வகுப்பறையை அடுக்கும்போது முதல் கேள்வி இதுதான்: ஒவ்வொரு கதிரையில் இருந்தும் புள்ளி தெரிகிறதா? சோடனை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

[காட்சி: அரைச்சுவர், கம்பிவலை, உள்ளே விழும் காலை வெயில்.]

திருகோணமலைப் பக்கம் பல வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான், மேலே கம்பிவலை. காலை 7.30-க்கு மணி அடிக்கும்போதே கிழக்கு வெயில் உள்ளே வந்துவிடும். பலகை அந்த வெயிலுக்கு நேரே இருந்தால் மினுங்கும். பிள்ளைகள் வெயிலைப் பார்த்து இருந்தால் கண் கூசும். இடம் விட்டால் பலகையைத் தெற்குச் சுவரில் வையுங்கள். அப்போது காலை வெளிச்சம் இடது பக்கத்தால் வரும். வலக்கையால் எழுதுகிற பிள்ளையின் கை நிழல் எழுத்தின் மேல் விழாது. இடக்கைப் பிள்ளையை வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு நாள் முழுக்க இடிபாடு.

இன்னொன்று, பலகையை நன்றாகத் துடையுங்கள். அரைகுறையாக அழித்த வெண்கட்டிப் பொட்டும் பிள்ளைக்குப் புள்ளிதான்.

[காட்சி: தொங்கும் இரண்டு கால்கள்.]

கதிரை. கால் நிலத்தில் படாத பிள்ளை நழுவாமல் இருக்கவே பாடுபடும், எழுத்து எங்கே வரும்? பெரிய வகுப்பில் இருந்து வந்த கதிரைதான் உண்டென்றால், காலுக்குக் கீழே ஒரு பலகைத்துண்டு போடுங்கள்.

இனி, எல்லாரும் தலையைப் பிய்க்கிற விடயம்: குழுவாக இருத்துவதா, வரிசையாக இருத்துவதா? 1999-இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் வேலை என்று மூன்றையும் கலந்து கற்பிக்கச் சொன்னது. அதற்குக் குழு நல்லது. ஆனால் ஆறு பேர் வட்டமாக இருந்தால் இரண்டு பேருக்காவது முதுகுதான் பலகைக்கு. அவர்கள் திரும்பிப் பார்த்து, ஒரு எழுத்தை மனதில் பிடித்து, மறுபடி கொப்பிக்குத் திரும்புவதற்குள் அது போய்விடும். குழுவாக இருத்தினால்தான் நவீன வகுப்பறை என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை.

என் தெரிவு 'ப' வடிவம். திறந்த பக்கம் பலகையைப் பார்க்கட்டும், நடுவில் ஒரு பன்பாய். ஒருவருக்கும் முதுகு பலகைக்கு இராது, கதை சொல்லும் நேரம் எல்லாரும் பாய்க்கு இறங்கலாம். இடம் போதாமல் குழுவாகவே இருத்த வேண்டி வந்தால், பார்த்து எழுதவேண்டிய வசனத்தை மேசைக்குக் கொண்டுபோங்கள்.

[காட்சி: இரண்டு கைகள் ஒரு அட்டையை மடிக்கின்றன.]

பிறிஸ்டல் போட்டில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் கூடாரம் போல மடித்து, இரண்டு பக்கமும் அதே வசனத்தை எழுதி மேசை நடுவில் நிறுத்துங்கள். படுக்க வைத்தால் எதிரில் இருக்கிற பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரியும், கவனம்.

சுவர். யன்னலுக்கு மேலே, கூரைக்குக் கிட்ட ஒட்டிய அரிச்சுவடி அதிபருக்கும் விருந்தாளிக்கும்தான். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையில் இருந்து ஏறக்குறைய 1 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சொல் அட்டைகள் அந்த மட்டத்தில் இருக்கட்டும். பிள்ளை அன்றாடம் காண்கிற சொற்கள் முதலில்: வலை, வள்ளம், மீன். கோட்டைப் பக்கம் மேய்கிற மானும் வரட்டும். 'மான்', 'மண்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுழி எண்ணுகிற விளையாட்டு தானாகவே தொடங்கும். காலையில் தன் பெயர் அட்டையைத் தேடி எடுத்து 'வந்தோர்' பக்கம் மாட்டுவதும் வாசிப்புத்தான்.

கச்சான் காற்றுக் காலத்தில் ஒட்டியது எதுவும் நிற்காது. கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் பிடித்து, கீழ்ப்பக்கத்தையும் கட்டுங்கள்.

வாசிப்பு மூலைக்கு எதிரி மாரி மழை. வாடைக்காற்றோடு வரும் சாரல் வடகிழக்குப் பக்க அரைச்சுவரைத் தாண்டி உள்ளே அடிக்கும், ஆகவே புத்தகங்களை அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்க வேண்டாம், அட்டைப்படம் தெரியட்டும். துண்டாக வெட்டிய மழைநீர்ப் பீலியை சுவரில் தாழ்வாகப் பூட்டினால் அருமையான தட்டு.

கடைசியாக, சத்தம். ஒரே மண்டபத்தைத் தட்டி வைத்துப் பிரித்திருந்தால், வாசிப்பு மூலை தட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். நீங்கள் கதை வாசிக்கும் நேரம் அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு பாடாமல் இருக்க, அந்த ரீச்சரோடு நேரசூசியை ஒருதரம் பேசி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.